ஊட்டி வேண்டாம், வேறே சொல்லுங்க

ஊட்டியைப் பற்றி இனிமேல் யாராவது என்னிடம் இங்கிலீஷில் பேசினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாடு போகிறவர்களை ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குத் தயார் செய்வது என் வேலை. அந்தத் தேர்வில் ஒரு அட்டையைக் கையில் கொடுப்பார்கள். 'பயணத்தில் நீங்கள் கண்ட ஓர் அழகான காட்சியைப் பற்றிப் பேசுங்கள்' என்பது போல ஏதாவது அதில் இருக்கும். ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளலாம், பிறகு இரண்டு நிமிஷம் நிறுத்தாமல் பேச வேண்டும். இவ்வளவுதான் சமாச்சாரம். நர்ஸ் வரட்டும், இன்ஜினியர் வரட்டும், புதிதாகக் கல்யாணமாகிப் புருஷனோடு போய்ச் சேர வேண்டிய பெண் வரட்டும், அட்டையை வாங்கியதும் எல்லோரும் நேராக ஊட்டிக்குத்தான் போவார்கள். பச்சைப் பசேல் என்று இருந்ததாம், குளுகுளு என்று இருந்ததாம், பார்த்ததும் மூச்சே நின்றுவிட்டதாம். அந்த மூச்சு நிற்கிற சமாச்சாரத்தை எந்தப் புண்ணியவான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தானோ, அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பெருந்துறையிலிருந்து வந்துகொண்டிருந்த நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன். "மூச்சு நின்னது இருக்கட்டும் கண்ணு, அங்க உன் கண்ணுல என்ன பட்டுச்சு? அதச் சொல்லு."

அவள் திருதிருவென்று முழித்துவிட்டுச் சொன்னாள்: "உண்மையச் சொல்லோணும்னா மேடம், கல்லாறு தாண்டி மலை ஏறுனதுலருந்து நான் கண்ணையே தொறக்கலீங்க. எலுமிச்சம்பழத்த மோந்துட்டே அம்மா மடியில படுத்துக்கிட்டேன். ஒரே வாந்திங்க."

"அதச் சொல்லு! அதுதான் பதில்!" என்று கத்தினேன். கத்தியது கீழே பேக்கரி வரைக்கும் கேட்டிருக்கும். அவள் அந்த எலுமிச்சம்பழத்தைச் சொல்லித்தான் தேர்வில் தேறினாள். இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள்.

அவளைப் போல எத்தனையோ பேர் போய்விட்டார்கள். பனியில் குழந்தைக்குக் கம்பளிக் குல்லா போட்டுப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஏரி, படகு, இலை சிவந்த மரம் என்று தினமும் ஏதாவது போனில் வந்து விழும். நானும் சிவப்பு இதயம் ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு ஊட்டி வேண்டாம், வேறே சொல்லுங்க என்று ஆரம்பிப்பேன். வெளிநாட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற நான் மைசூரைத் தாண்டியதில்லை. வயிறு எரியாதா? எரியும். நன்றாகவே எரியும். சுற்றி வளைப்பானேன், எனக்குப் போக வேண்டும். ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போய் இருந்து பார்க்க வேண்டும். ஆனால் நாற்பதைத் தாண்டிய கோயமுத்தூர் இங்கிலீஷ் டீச்சரை எந்த நாட்டுக்காரன் கூப்பிடுவான்? அவர்களுக்கு வேண்டியது மெஷின் ஓட்டுகிற ஆள். அப்படி ஓர் ஆள் என் வீட்டிலேயே இருந்தார். அங்கேதான் என் தலைவலி ஆரம்பம்.

என் வீட்டுக்காரர் காங்கேயம் பக்கத்துக்காரர். பம்புக்கு உதிரிபாகம் கடைகிற கம்பெனியில் சி.என்.சி. மெஷினைப் பொழுதுக்கும் கட்டிக்கொண்டு அழுகிற வேலை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் நியூசிலாந்து போய், அங்கே ஆள் வேண்டுமென்று இவரைச் சொல்லியிருக்கிறார். போனில் முகம் பார்த்து இன்டர்வியூ நடந்தது. வேலையைப் பற்றி அவர்கள் கேட்டதற்கெல்லாம் கையை ஆட்டி ஆட்டி எப்படியோ புரியவைத்துவிட்டார். வேலை உறுதி, ஆங்கிலப் பேச்சில் மட்டும் இவ்வளவு மார்க் வாங்கிக் காட்டுங்கள் என்றார்கள். நான் அன்றைக்கு நின்ற இடத்தில் நிற்கவில்லை. மகள் சென்னையில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், இனி எங்களைப் பிடித்து வைக்க இங்கே என்ன இருக்கிறது? ஆனால் எனக்கு ஆசை என்று அவரிடம் சொல்லவில்லை. "உங்க கைவேலைக்கு அங்க மதிப்பு ஜாஸ்திங்க" என்றுதான் சொன்னேன்.

"செரி, எழுதிப் பாக்கலாம்" என்றார். வருகிற சந்தோஷமும் தெரியாது, போகிற துக்கமும் தெரியாது அந்த முகத்தில்.

முதல் தேர்வு முடிந்து வெளியே வந்தவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"எப்படிங்க போச்சு?"

"பரவால்ல."

"அட்டைல என்னங்க வந்துது?"

"பயணம் போன எடத்துல பாத்த காட்சி. ஊட்டி போனேன்னேன். நல்லா இருந்துதுன்னேன். குளுரா இருந்துதுன்னேன். வந்துட்டேன்னேன்."

"அவ்வளவுதானா?"

"போயிட்டுத் திரும்பி வந்தாச்சல்ல புள்ள, அப்பறம் என்ன சொல்றது?"

இரண்டு நிமிஷப் பேச்சை மூச்சு வாங்குவதற்குள் முடித்துவிட்டு, 'தேங்க் யூ மேடம், தட் ஈஸ் ஆல்' என்று கும்பிடும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இப்படி ஒரு மாணாக்கர். அந்த ரிசல்ட்டைக் கோச்சிங் சென்டரில் யாரிடமும் சொல்லவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

இரண்டாவது தடவை நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மனப்பாடம் செய்யக் கூடாது என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறவள்தான், என்ன செய்ய, ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. மனுஷன் ஒரு எழுத்து பிசகாமல் உருப்போட்டார். தேர்வில் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது, தேர்வு நடத்துகிற அம்மா, 'அன்றைக்கு யாரோடு போனீர்கள்?' என்று இடையில் கேட்டிருக்கிறார். இவருக்கு விட்ட இடம் மறந்துபோய், முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்திருக்கிறார். அதற்குமேல் அவர்களுக்கு என்ன சந்தேகம் இருக்கப்போகிறது? இரண்டாவது தடவையும் ஊத்திக்கொண்டது. அதற்கு அடுத்த வாரமே நியூசிலாந்துக்காரர்கள் எழுதிவிட்டார்கள்: ஜனவரி பாதி வரைக்கும், அதாவது நம்ம பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு மனுஷனின் வாயிலிருந்து இரண்டு நிமிஷம் சொல் வர வேண்டும். என்னுடைய ஏரியும் படகும் சிவந்த இலையும் எல்லாம் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தன.

காட்சியைப் பார்த்தால்தானே பேச வரும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவரை வால்பாறை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆழியார் அணை முழுசும் கீழே தெரிகிற ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னேன். நல்ல வெயில், நல்ல காற்று. மேகத்தின் நிழல் தண்ணீர்மேல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, "ம், இங்கிலீஷ்ல சொல்லுங்க, என்ன தெரியுது?" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மலையையும் அணையையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுக் குந்த உட்கார்ந்து பைக் செயினை நோண்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏறி வரும்போதே சத்தம் வந்துது புள்ள. லூசாயிருச்சு."

"ஏனுங்க, செயின் எங்கீங்க போயிரும்! அணையப் பாருங்க!"

எழுந்து வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு ரெக்கார்டரில் பேசினார். "திஸ் ஈஸ் டேம். வாட்டர் ஈஸ் தேர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முக்கால்வாசி இருக்குது" என்று தமிழில் முடித்தார். திரும்பி வருகிற வழியில் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட இருந்தது.

அந்த மாதத்திலேயே காங்கேயத்தில் அவருடைய அண்ணன் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனோம். அண்ணன் தோட்டத்தில் ஒரு காங்கேயம் பசு நின்றது. வெள்ளை வெளேரென்று, கொம்பு இரண்டும் வளைத்துச் செய்த மாதிரி, ரோட்டில் போகிறவன் நின்று பார்த்துவிட்டுப் போகிற மாடு. விசேஷத்துக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "என்ன அழகுங்க இந்த மாடு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அண்ணன் முகம் சுண்டிப்போனது. "என்னமோ இருக்குதுங்க, தீவனந்தான் தண்டம்" என்றார். அந்த ஆள் கேட்டைத் தாண்டினாரோ இல்லையோ, அண்ணி உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்து மாட்டுக்குச் சுற்றிப் போட்டார்.

கிளம்பும்போது இவரிடம் கேட்டேன். "அழகா இருக்கறத அழகுன்னு சொன்னா என்னங்க தப்பு?"

"சொல்லக் கூடாது புள்ள. கண்ணு பட்டுப்போயிரும்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. இந்தக் குடும்பத்தில் கிணறு நிறைந்து வழிந்தாலும் 'ஏதோ ஊறுது' என்பார்கள். காடு விளைந்து கிடந்தாலும் 'ஒண்ணும் சொகமில்ல' என்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பொண்ணு எப்படி என்று சபையில் கேட்டதற்கு, இந்த மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரவால்லீங்க" என்றவர்தானே! இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அது எனக்கு உறைக்கவில்லை. அழகு என்ற சொல் தமிழிலேயே வராத வாயில் இங்கிலீஷில் எப்படி வரும்? நானோ காட்சியைப் புகழுங்க, புகழுங்க என்று அவர் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டு ஆட்களைப் புகழச் சொல்வதும் ஒன்றுதான், ஊர் நடுவில் நின்று ஆடச் சொல்வதும் ஒன்றுதான்.

காரணம் தெரிந்தது, சரி. தெரிந்து என்ன பிரயோசனம்? பொங்கல் வந்துகொண்டே இருந்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டு வந்தேன். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் இவர் தானாகவே ஆரம்பித்தார்.

"அங்க பாரு அநியாயத்த. கரண்டு எடுக்கற காத்தாடியக் கொண்டாந்து எங்க நட்டுருக்கறான் பாரு. ஊருல வேற எடமே இல்லையாமா? இந்த வேலியோரமா எப்பவும் நாலு மாடு மேயும். அதுக்குப் பின்னால ரெண்டு பனை, ஒண்ணு சாஞ்சு நிக்கும். பனைக்கு நடுவால பாத்தா சிவன்மலை தெரியும், சாயங்காலத்துல கோயில் லைட்டு கூடத் தெரியும். இப்ப மலைய முழுசா மறைச்சுப்போட்டான். பொழுதன்னைக்கும் ஊய் ஊய்னு சத்தம் வேற. எந்த மாடு இங்க நிக்கும்?"

நான் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். "வண்டிய நிறுத்துங்க!"

பக்கத்தில் என்ன, அதற்குப் பின்னால் என்ன, தூரத்தில் என்ன, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, காதில் என்ன கேட்கிறது. நான் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை வலித்தது எல்லாம் இந்தப் புலம்பலில் அப்படியே இருந்தது. புகழத்தான் வராது, குறை சொல்ல வருமே! குறை சொன்னால் யார் கண்ணும் படாதே!

"அதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க. அந்தக் காத்தாடிக்காரன இங்கிலீஷ்ல திட்டுங்க."

"பரீட்சைல திட்டலாமா புள்ள?"

"தாராளமாத் திட்டலாங்க. அழகான காட்சின்னு கேட்டா, அழகா இருந்துச்சு, இப்பக் கெடுத்துப்போட்டாங்கன்னு ஆரம்பிங்க."

அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்மேல் வைத்தார். காற்றாடியை நோக்கிக் கையை நீட்டி, 'ஹூ ஆஸ்க்டு ஹிம் டு புட் இட் தேர்?' என்று ஆரம்பித்தார். டென்ஸ் எல்லாம் தப்பு, ஒருமை பன்மை எல்லாம் தப்பு. ஆனால் நிற்கவில்லை. மாடு வந்தது, சாய்ந்த பனை வந்தது, மறைந்துபோன மலை வந்தது. இரண்டு நிமிஷம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் நின்றுகொண்டு நான் சிரித்த சிரிப்பில் ஒரு டெம்போக்காரர் வண்டியை மெதுவாக்கி எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. காந்திபுரம் மேம்பாலம் வெளிச்சத்தை மறைக்கிறது, சூலூர் குளத்தில் ஆகாயத்தாமரை, அவிநாசி ரோட்டில் ஒரு புளியமரம் மிச்சமில்லை என்று காலையும் மாலையும் இங்கிலீஷில் புலம்பல். நான் தப்புகளைத் திருத்துவேன். திருத்தியதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி புலம்புவார். கடைசியில் என் ரசத்தைக்கூட இங்கிலீஷில் குறை சொல்ல ஆரம்பித்தார். 'இட் யூஸ்டு டு ஹேவ் பெப்பர்' என்றார் ஒருநாள், இலக்கணச் சுத்தமாக. கரண்டியை வீசலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியவில்லை.

மூன்றாவது தேர்வுக்குப் போய்விட்டு வந்தார். "எப்படிங்க?" என்றால், "பரவால்ல." அட்டையில் என்ன வந்தது என்றால், "வரட்டும் பாரு ரிசல்ட்டு." அதற்குமேல் ஒரு சொல் பிடுங்க முடியவில்லை. இங்கிலீஷில் வருஷக்கணக்காகப் புலம்பத் தயாராக இருக்கிற மனுஷன், கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் வகுப்பில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

ரிசல்ட் ஒரு சாயங்காலம் போனில் வந்தது. வேண்டிய மார்க்குக்கு அரை மார்க் மேலேயே இருந்தது. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. இரண்டு பேருக்கும் காப்பி போட்டேன், சர்க்கரை போட மறந்துவிட்டேன், அதை அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க, என்ன அட்டை?"

"உங்க ஊட்டு ஜன்னல்ல பாத்தா என்ன தெரியும், அதச் சொல்லுங்கன்னு போட்டிருந்துது."

"நம்ம ஜன்னல்லயா! என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? எதுத்தூட்டுச் செவுருதான் தெரியும், சுண்ணாம்படிச்சு ஏழெட்டு வருஷமாச்சுன்னேன். கேபிள் ஒயரு தொங்குதுன்னேன். இந்தப் பக்கம் நம்ம வாசலு, துணிக்கொடி. கொடிக்குக் கீழ என்ற வண்டி."

"அப்பறம்?"

"அப்பறம் நீதான். காலைல துணி காயப்போட வருவ. அந்நேரத்துக்குத்தான் பீளமேட்டுலருந்து பிளேன் கெளம்பும். பாதி பிழிஞ்ச துணியக் கையில புடிச்சுட்டு அப்படியே நின்னுக்குவ. அது சின்னதாகிச் சின்னதாகி மறையற வரைக்கும் கழுத்த எறக்கமாட்ட. தண்ணியெல்லாம் என்ற வண்டி சீட்டுல சொட்டும். தெனமும் ஈர சீட்டுல உக்காந்துதான் வேலைக்குப் போறேன் மேடம்னேன். அந்தம்மா சிரிச்சுப்போட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதுக்கப்பறம் என்னங்க கேட்டாங்க?"

"உங்க சம்சாரத்துக்கு வெளிநாடு போக ஆசையான்னாங்க. ரொம்ப ஆசைங்க, ஊருல இருக்கறவங்களயெல்லாம் அனுப்பிட்டே இருக்கறா, அவளுக்குன்னு வாயத் தொறந்து கேக்கமாட்டான்னேன். உங்களுக்கும் ஆசையான்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கில்லீங்கன்னேன். எனக்கு இங்க என்ன கொறச்சல்? காடு இருக்குது, அண்ணன் இருக்கறாரு, ஞாயித்துக்கெழமையானா போயிட்டு வாரேன். பரீட்சைல பொய் சொல்ல முடியுமா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "போறதுக்கு இஷ்டமில்லீன்னா மொதல்லயே என்கிட்ட சொல்றதுக்கென்னங்க? மூணு தடவ எழுதுனீங்களே! நானும் கெடந்து இந்தக் கத்துக் கத்துனேனே!"

"சொல்லியிருந்தா நீ அன்னைக்கே உட்டுப்போட்டிருப்பியே, அம்மணி."

விட்டிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அக்கட்டப் போங்க" என்று சொல்லிவிட்டு டம்ளர் இரண்டையும் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

"ஏம்புள்ள," என்று கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. கையில் போன் இருந்திருக்க வேண்டும். "அந்தக் கம்பெனிக்காரருக்கு என்னைக்கு வாரோம்னு எழுதட்டும்?"

காதில் விழாத மாதிரி, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.